காதுக்குக் கேட்காத ஒலி மனதை மாற்றுமா?

முதலில் முடியை வகுக்கிறார்கள். மூளைக்குள் ஒலியைப் பாய்ச்சும் கருவி உட்காரப்போகும் இடத்தில் சீப்பால் வகிடு எடுத்து, தலைத்தோல் தெரியும்படி முடியை இரண்டு பக்கமும் ஒதுக்குகிறார்கள். வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது தடவுவார்களே, அந்த மாதிரி ஜெல்லை அங்கே தாராளமாகப் பூசி, முடியிழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுக்குமிழிகளை விரலால் அழுத்தி அழுத்தி வெளியேற்றுகிறார்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் விட முடியாது. இந்த ஒலி நீரிலும் ஜெல்லிலும் சதையிலும் தடையில்லாமல் ஓடும். காற்றைக் கண்டால் மட்டும் முட்டித் திரும்பிவிடும். அதன்பிறகுதான் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கருவியை அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். முன்பே எடுத்துவைத்த எம்.ஆர்.ஐ. படத்தோடு தலை இருக்கும் நிலையை ஒரு கேமரா ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கருவி கொஞ்சம் நகர்ந்தாலும் திரையில் தெரிந்துவிடும். பிறகு சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து, இப்போது எவ்வளவு பதற்றமாக இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சின்ன இடத்தை ஒலியால் தொட்டு, மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்கலாம், தியானத்தில் கிடைக்கும் அமைதிக்குக்கூட வழி திறக்கலாம் என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளில் பலமாகக் கேட்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே நம்பிக்கை உண்டு. மாத்திரைகளை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் பலன் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு இன்னொரு வழி வேண்டும். அதனால்தான் இதில் எது சோதனையில் தேறியது, எது இன்னும் ஆசை மட்டும் என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகப் படுகிறது.

முதலில் ஒலியைப் பார்ப்போம். மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். அதற்கு மேலே போனால் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட். கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் விநாடிக்குப் பல லட்சம் தாண்டி, சில மில்லியன் அதிர்வுகளில் வேலை செய்கிறது. மூளைக்கு அந்த வேகம் உதவாது. அதிர்வு கூடக்கூட மண்டையோட்டு எலும்பு ஒலியை அதிகமாக உறிஞ்சிச் சிதறடித்துவிடும். எனவே மூளைத் தூண்டலுக்குப் பெரும்பாலும் 2.5 லட்சத்திலிருந்து 6.5 லட்சம் அதிர்வுகள்வரை பயன்படுத்துகிறார்கள். 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மென்திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுவதால், ஓர் அலையின் நீளம் 3 மில்லிமீட்டர் வரும். இந்த 3 மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலைநீளத்தைவிட ரொம்பச் சின்ன இடத்தில் ஒலியைக் குவிக்க முடியாது. ஆக, குவியம் சில மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆனால் ஒற்றைக் கருவியை வைத்துப் பாய்ச்சும்போது அது வட்டப் புள்ளியாக இருக்காது. கருவியிலிருந்து உள்நோக்கி, சில சென்டிமீட்டர் நீளத்துக்கு, சுருட்டு வடிவில் நீண்டிருக்கும். செய்திகளில் வரும் படங்களில் இந்த நீளம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

அப்படியிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்வளவு ஆர்வமாக இருக்கிறார்கள்? மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் புரியும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு, தலைக்கு மேலே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிக் காட்டியது. அந்தக் காந்தத் தூண்டலை 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மனச்சோர்வுக்கு அனுமதித்தது. இன்று அது பல நாடுகளில் வழக்கமான சிகிச்சை. ஆனால் காந்தப்புலம் ஆழம் போகப்போக வேகமாக வலுவிழக்கும். ஆழத்துக்குப் போக வைத்தால் பரந்துவிடும். தலையில் மின்முனைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் முறை இன்னும் பரவலானது. ஆழத்தைத் துல்லியமாகத் தொட வேண்டுமென்றால் மண்டையில் துளையிட்டு மின்முனையைச் செருக வேண்டும். 2005இல் நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க்கும் கனடா நாட்டு மருத்துவர்களும், எந்தச் சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வு கொண்ட 6 பேருக்கு அதைச் செய்தார்கள். மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சப்கலோசல் சிங்குலேட் என்ற பகுதிதான் இலக்கு. சிலருக்கு நல்ல முன்னேற்றம் வந்தது. ஆனால் அது அறுவை சிகிச்சை. எல்லோரும் துணிய மாட்டார்கள். ஆழத்துக்கும் போக வேண்டும், திறக்கவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து மேலே சொன்ன எதிலும் கிடைப்பதில்லை; மீயொலியில் கிடைக்கலாம்.

எண்ணம் புதிதில்லை. 1929லேயே நியூட்டன் ஹார்வி, தவளை, ஆமைத் தசைகளை மீயொலி கிளர்த்தும் என்று எழுதினார். 1958இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள், பூனையின் பார்வைப் பாதையில் மீயொலியைக் குவித்து, கண்ணிலிருந்து வரும் சமிக்ஞையைத் தற்காலிகமாக அடக்கினார்கள். சிறிது நேரத்தில் அது பழையபடி திரும்பியது. அப்புறம் பல பத்தாண்டுகள் இந்தத் துறை ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேமி டைலர் குழு, எலி மூளைத் துண்டுகளில் மெல்லிய மீயொலியால் நரம்பணுக்களைத் தூண்டியது. 2010இல் உயிருள்ள எலியில், மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே செய்துகாட்டியது. இப்போதைய அலை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மனநிலை என்று வந்தால், 2013இல் அரிசோனா பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹேமராஃப் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். நாள்பட்ட வலியுள்ளவர்களின் தலையில், சாதாரண ஸ்கேன் கருவியையே 15 விநாடி வைத்தார். கருவி ஓடியதா இல்லையா என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. ஓடியபோது மனநிலை மதிப்பெண் சற்றே உயர்ந்தது. 40 நிமிடம் கழித்துக் கேட்டபோதும் அந்த உயர்வு இருந்தது. கேட்க ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பயன்படுத்தியது 80 லட்சம் அதிர்வுகள். அந்த அளவில் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போவது மிகச் சொற்பம். அந்த உயர்வு மூளைத் தூண்டலால் வந்தது என்று என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஆய்வு மற்றவர்களை இந்தப் பக்கம் திருப்பியது. அந்த வகையில் அதற்கு மதிப்பு உண்டு.

அதே பல்கலைக்கழகத்தில் ஜே சாங்குவினெட்டி குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பொருத்தமான அதிர்வில், விநாடிக்கு 5 லட்சத்தில் நடந்தது. வலது முன்மூளையின் கீழ்ப்பகுதியில் 30 விநாடி பாய்ச்சினார்கள். போலித் தூண்டல், அதாவது கருவியை வைத்தும் ஒலியைப் பாய்ச்சாத தூண்டல், பெற்றவர்களைவிட இவர்களின் மனநிலை அரை மணி நேரத்துக்குள் மேம்பட்டது. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் மூளை வலைப்பின்னல்களின் இணைப்பிலும் மாற்றம் தெரிந்தது. இதில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர், நலமாக உள்ளவர்கள். அதே ஆண்டு ரெஸ்னிக் குழு, மிதமான மனச்சோர்வு அறிகுறிகள் உள்ள மாணவர்களிடம் 5 நாள் செய்துபார்த்தது. மனச்சோர்வு மதிப்பெண்ணில் அசல் குழுவுக்கும் போலிக் குழுவுக்கும் வித்தியாசம் வரவில்லை. ஓயாமல் கவலைப்படும் போக்கு மட்டும் அசல் குழுவில் குறைந்தது. இந்த முடிவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ‘மனநிலை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சோர்வு வேறு, கவலை வேறு, பயம் வேறு. ஒலி எதைத் தொடுகிறது என்பதை ஒவ்வொன்றாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதற்றத்துக்கு வருவோம். இங்கே இலக்கு அமிக்டலா. பாதாம் பருப்பு வடிவில், இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதி. ஆபத்து வருகிறதா என்று சதா கவனித்துக்கொண்டிருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காந்தத் தூண்டலால் அதை நேரடியாக எட்ட முடியாது. மீயொலியால் முடியும். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொதுவான பதற்றக் கோளாறு உள்ள, வழக்கமான சிகிச்சைகளில் குணமாகாத 25 பேருக்கு வாரம் ஒருமுறை 10 நிமிடம் என்று 8 வாரம் வலது அமிக்டலாவில் பாய்ச்சினார்கள். பதற்ற மதிப்பெண்கள் நன்றாகவே குறைந்தன. படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒப்பிடுவதற்குப் போலிக் குழு கிடையாது. 2025இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் குழு ஒரு படி முன்னேறியது. முதலில் அசலையும் போலியையும் மாற்றிமாற்றிக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ளேயே அளந்து, அசல் ஒலி பாயும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிகிறது என்று காட்டியது. பிறகு மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் உள்ளவர்களுக்கு மூன்று வாரம் தினசரிச் சிகிச்சை கொடுத்தது, அறிகுறிகள் குறைந்தன. ஆனால் இந்த இரண்டாம் பகுதியில் எல்லோருக்கும் தாங்கள் பெறுவது அசல் என்று தெரியும். யூட்டா பல்கலைக்கழகத்தில் யான் குபானெக் குழு, மேபெர்க் மின்முனை செருகிய அதே சப்கலோசல் சிங்குலேட்டை வெளியிலிருந்து ஒலியால் தொட்டு, மனச்சோர்வு தணிவதைக் காட்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் துளையிட்டுத்தான் போக முடிந்த இடம் அது.

போலிக் குழு, போலிக் குழு என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தோன்றலாம். மனச்சோர்விலும் பதற்றத்திலும் எதிர்பார்ப்பே பெரிய மருந்து. எட்டு வாரம் ஒருவர் வருகிறார். மருத்துவர்கள் அக்கறையாக விசாரிக்கிறார்கள். மூளையைப் படம் எடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். இதுவரை எதுவும் உதவாத தனக்குக் கடைசியில் ஒரு நவீனக் கருவி கிடைத்திருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தாலே பலருக்கு மனம் லேசாகும். அந்த நிம்மதி பொய் கிடையாது. ஆனால் அது ஒலியால் வந்ததா என்பது வேறு கேள்வி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீயொலி காதுக்குக் கேட்காது என்கிறோம். உண்மையில் பலருக்குக் கேட்கிறது! ஒலியைத் தொடர்ச்சியாகப் பாய்ச்சாமல் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறார்கள். ஒரு விநாடிக்கு 1,000 துண்டு என்றால், ஒவ்வொரு துண்டும் எலும்பைத் தட்டுகிறது. அந்தத் தட்டல் எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய், மெல்லிய ‘ங்ஙீ’ என்ற ஒலியாகக் கேட்கும். 2018இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், மற்றது கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில், ஒரே சமயத்தில் வெளியிட்ட கட்டுரைகள் துறையையே உலுக்கின. எலி, கினியா பன்றி போன்ற விலங்குகளில் மூளைத் தூண்டல் என்று நினைத்ததில் கணிசமான பங்கு செவிவழி வந்த எதிர்வினை என்று அவை காட்டின. விலங்கு ஒலியைக் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறது! அடுத்த ஆண்டே, காது கேளாத எலிகளிலும் மீயொலிக்குத் தசை அசைவு வருகிறது என்று வேறொரு குழு காட்டியது. ஆக, நேரடித் தூண்டலும் உண்மை, காதுவழிக் குழப்பமும் உண்மை. மனிதர்களிடம் நடந்த பிந்தைய ஆய்வுகளிலும், சில பழைய முடிவுகளை வெறும் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தே உண்டாக்க முடிந்தது. இப்போது கவனமான ஆய்வகங்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டி அதே போன்ற ஒலியை ஓட விடுகின்றன. அல்லது ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் மெதுவாக ஏற்றி இறக்கி, தட்டலை மழுப்புகின்றன. ஓர் ஆய்வைப் படிக்கும்போது இது செய்யப்பட்டதா என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

நேரடித் தூண்டல் எப்படி நடக்கிறது? சூட்டால் அல்ல, இந்த அளவில் திசுவின் வெப்பம் பெரும்பாலும் ஒரு டிகிரிகூட ஏறாது. நரம்பணுவின் சவ்வில் அயனிகள் நுழையும் வாயில்கள் இருக்கின்றன. அவற்றில் சில, அழுத்தமும் இழுவையும் பட்டால் திறப்பவை. தொடுதலை நாம் உணர்வதும் இவ்வகை வாயில்களால்தான். 2022இல் கால்டெக்கின் மிகைல் ஷாபிரோ குழு, வளர்ப்புத் தட்டில் இருந்த மூளை அணுக்களில், ஒலி பட்டதும் இப்படிப்பட்ட வாயில்கள் வழியே கால்சியம் மெல்லச் சேர்ந்து, அது மற்ற வாயில்களைத் திறந்து, கடைசியில் அணு மின்துடிப்பை வெளியிடுவதைக் காட்டியது. ஒலித்துண்டுகளின் தாளத்தை மாற்றினால் அதே இடத்தைக் கிளர்த்தவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் குரங்குகளுக்கு 40 விநாடி கொடுத்த ஒலியின் விளைவு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. சிகிச்சை என்ற எண்ணத்துக்கே இந்த நீடிப்புதான் அடித்தளம். கருவியை எடுத்ததும் மறைந்துவிடும் விளைவை வைத்து யாருக்கும் மருத்துவம் பார்க்க முடியாது.

இனி தியானம். 2001இல் அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்லி, நாம் எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போது சேர்ந்து இயங்கும் மூளைப் பகுதிகளுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் இயல்புநிலை வலைப்பின்னல் எனலாம். நேற்று அவர் ஏன் அப்படிச் சொன்னார், நாளைக்கு என்ன ஆகும் என்று மனம் தானாக ஓடுகிறதே, அந்த ஓட்டத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு. 2011இல் ஜட்சன் ப்ரூவர் குழு, நீண்டகாலம் தியானம் பழகியவர்களுக்குத் தியானத்தின்போது இந்த வலைப்பின்னலின் முக்கிய முனைகள் அடங்கியிருப்பதைக் காட்டியது. அவற்றில் ஒன்று தலையின் பின்பக்கம் நடுவில் உள்ள போஸ்டீரியர் சிங்குலேட். அப்படியானால் அந்த முனையை ஒலியால் தணித்துப் பார்த்தால்? அரிசோனாவில் தியான ஆசிரியர் ஷின்சென் யங்கும் சாங்குவினெட்டியும் சேர்ந்து நடத்தும் ஆய்வகம் இதைத்தான் கேட்கிறது. அங்கிருந்து 2024இல் வந்த முன்னோட்ட ஆய்வில், அந்த இடத்தில் ஒலி பாய்ச்சியபின் வலைப்பின்னலின் உள்ளிணைப்பு குறைந்தது. இந்தக் கணத்தில் கவனத்தோடு இருக்கும் விழிப்புணர்வின் மதிப்பெண் கூடியது. காலம் ஓடும் உணர்வு சிலருக்கு மாறியது.

நல்ல ஆய்வுதான். ஆனால் இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தியானம் பழகியவர்களைக் கேட்டால், எண்ணம் வராமல் இருப்பதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். எண்ணம் இழுத்துப்போனதைக் கவனித்துத் திரும்பி வருவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தத் திரும்பல் ஆயிரம் தடவை நடந்து பழக்கமாகிறது. ஒலி அடங்கிய நிலையைச் சிறிது நேரம் காட்டலாம். திரும்பி வரும் பழக்கத்தை அது தருமா என்று சோதிக்க, பயிற்சியோடு சேர்த்து மாதக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு வேண்டும். உட்கார்ந்தாலே பதற்றம் பொங்கிப் பயிற்சியையே விட்டுவிடுபவர்களுக்கு, முதல் சில வாரங்கள் ஒரு கைத்தாங்கலாக இது உதவக்கூடும் என்று நினைக்கிறேன். இந்தப் பயன்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதுகாப்புக்கு வருவோம். இதே குவிமீயொலியை மிக வலுவாகப் பாய்ச்சினால் மூளைத் திசுவைச் சுட்டுவிடலாம். கைநடுக்க நோய்க்கு அப்படிச் செய்யும் சிகிச்சையை 2016இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. தூண்டலில் பயன்படும் வலு அதைவிட மிகமிகக் குறைவு. ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறிப்படி, திசுவின் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. குமிழி உண்டாக்கித் திசுவைக் கிழிக்கும் அபாயத்தைக் குறிக்கும் எண் 1.9ஐத் தாண்டக்கூடாது. 2020இல் வின் லெகான் குழு, தங்கள் சோதனைகளில் பங்கேற்ற 120 பேரைத் தொடர்புகொண்டு விசாரித்தது. பதில் சொன்ன 64 பேரில் 7 பேர் கழுத்துவலி, கவனம் சிதறுதல், தசைத்துடிப்பு, பதற்றம் போன்ற லேசான அல்லது மிதமான தொந்தரவுகளைச் சொன்னார்கள்; கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை.

ஆனால் இது ஆய்வகத்தில், அளந்து கொடுத்தபோது. ஒவ்வொருவரின் மண்டையோடும் ஒவ்வொரு தடிமன், ஒவ்வொரு வளைவு. ஆற்றலின் பெரும்பகுதி எலும்பிலேயே போய்விடும், குவியமும் விலகும். எவ்வளவு போகும், எங்கே விலகும் என்று அவரவர் ஸ்கேன் படத்தை வைத்துக் கணினியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2025இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து வெளியிட்ட தலைக்கவசக் கருவியில் 256 ஒலிமூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்து, பழைய கருவிகளைவிடப் பல மடங்கு சின்ன இடத்தில் குவிக்கிறார்கள். முன்னே சொன்ன சுருட்டு வடிவம் அங்கே வெகுவாகச் சுருங்கிவிட்டது. இந்த உழைப்பு எதுவும் இல்லாமல் ‘நெற்றியில் மாட்டுங்கள், மனம் அமைதியாகும்’ என்று வரும் வீட்டுக் கருவிகளை வாங்க வேண்டாம். மூட்டுவலிக்குப் பயன்படும் பிசியோதெரபி அல்ட்ராசவுண்ட் கருவியைத் தலையில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இப்போது மாத்திரையோ மனநல ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதை நம்பி அதை நிறுத்தவும் வேண்டாம். அவற்றுக்கும் காந்தத் தூண்டலுக்கும் பெரிய சோதனைகளின் ஆதாரம் இருக்கிறது. இதற்கு இன்னும் இல்லை.

யாராவது இத்தகைய சோதனையில் சேர நினைத்தால், சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எனக்குப் போலித் தூண்டல் கிடைக்க வாய்ப்பு உண்டா, சத்தத்தை எப்படி மறைக்கிறீர்கள், என் மண்டையோட்டை வைத்துக் கணக்குப் போட்டீர்களா, முடிந்தபின் எத்தனை மாதம் என்னைப் பின்தொடர்வீர்கள்? சரியாக நடக்கும் சோதனையில், மனநிலை மதிப்பெண் போடும் தாளோடு இன்னொரு கேள்வியும் வரும். உங்களுக்குக் கிடைத்தது அசலா, போலியா, என்ன நினைக்கிறீர்கள்? குருட்டு ஊகத்திலேயே பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள்; அதைவிட வெகு அதிகமானோர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆய்வாளர்கள் வடிவமைப்பை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.